பாக்கெட்ல கத்தி வைக்கிறவங்க பண்ற தப்புங்க

புதுசா ஒரு மடக்கு கத்திய வாங்கி பாக்கெட்ல போட்டுட்டு சுத்தற பசங்கள பாத்தா, பழைய ஆளுங்க நாங்க ஒரு காலத்துல ஆடின அதே கூத்து தான் திரும்ப நடக்குது. கைய வெட்டிக்காதீங்க, குழந்தைங்க எட்டற இடத்துல வைக்காதீங்கன்னுலாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

"பாதுகாப்புக்கு"ன்னு சொல்றது

இத நினைச்சா எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆபீஸ்ல புதுசா சேந்த ஒரு தம்பி, பார்சல் பிரிக்கறதுக்கு கருப்பு கலர்ல ஒரு பெரிய கத்திய எடுத்து ஒத்தக் கையால டக்குனு விரிச்சாரு. பக்கத்து சீட் அக்கா நாற்காலிய பின்னாடி இழுத்துக்கிட்டு "எதுக்குப்பா இதெல்லாம்?"னு கேட்டாங்க. "டேப் வெட்டத்தான்க்கா"ன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். இவரு சிரிச்சுக்கிட்டே "யாராவது வம்பு பண்ணா தேவைப்படும்ல"ன்னாரு. சாயங்காலம் ஹெச்ஆர் கூப்பிட்டாங்க, மறுநாள்லேந்து கேட்ல எல்லாருக்கும் பை செக்கிங், நான் பல வருஷமா சாவிக்கொத்துல மாட்டியிருந்த குட்டி சுவிஸ் கத்தி, மடிச்சா வெறும் 58 மில்லிமீட்டர், அதுல பாதி வேலை கத்தரிக்கோல் தான் பாக்கும், அதையும் உள்ள விடமாட்டோம்னுட்டாங்க.

கிராமத்துல இந்தக் கேள்வியே வராது. கயிறு அறுக்கறாரு, கிளை சீவறாரு, கத்திக்கு என்ன வேலைன்னு எல்லாருக்கும் தெரியுது. சிட்டில அது தெரியாது, அதனால நீங்க சொல்ற பதில வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான், பிரிட்டன்ல தற்காப்புக்குன்னு சொன்னா பொதுவா அத நியாயமான காரணமா எடுத்துக்க மாட்டாங்க, கனடால ஒருத்தர காயப்படுத்தவோ மிரட்டவோ வச்சிருந்தா சமையல் கத்தியும் ஆயுதக் கணக்குல வந்துடும். நிஜமா ஆபத்துன்னா அங்கேந்து கிளம்புங்க, கத்திய எடுத்தா தகராறு பெருசாகத்தான் செய்யும்.

அளவு பாக்காம வாங்கறது

பிரிட்டன்ல பூட்டு இல்லாத (அதாவது விரிச்சதும் பிளேடு லாக் ஆகாத) மடக்கு கத்தி, வெட்டற விளிம்பு 3 அங்குலத்துக்குள்ள இருந்தா காரணம் சொல்ல வேணாம். ஜப்பான்ல பிளேடு 6 சென்டிமீட்டர தாண்டினா சரியான காரணம் வேணும். பிரான்ஸ் கிராமங்கள்ல விவசாயிங்க காலங்காலமா வச்சிருக்கற ஒப்பினெல் இருக்கே, மரக் கைப்பிடி போட்டு பாக்கவே சாதுவா இருக்கும், ஆனா அதோட 8-ம் நம்பர் சைஸுக்கு பிளேடு 8.5 சென்டிமீட்டர், 3 அங்குலத்த தாண்டிடும், லண்டன் தெருவுல சும்மா வச்சுக்கிட்டு நடக்க முடியாது. வெளிநாடு போறவங்க போற இடத்து சட்டத்த முதல்ல பாருங்க.

கத்திய பாக்கெட் ஓரத்துல மாட்டற கிளிப் வெளில தெரியறது

சிட்டில வேணாம்.

ஒத்தக் கை வித்தை

பிளேடுல இருக்கற பள்ளத்துல நகத்த வச்சு, ரெண்டு கையால மெதுவா திறங்க. வெட்டி முடிச்சதும் மடிச்சுடுங்க. விரிச்ச கத்திய ஆட்டிக்கிட்டே பேசினா எதிர்ல நிக்கறவர் காதுல ஒண்ணும் ஏறாது, கண்ணு கத்தி மேலயே தான் இருக்கும்.

கிராமம்னா எல்லாம் ஓகேன்னு நினைக்கிறது

இதுல சிட்டி பசங்க தான் அதிகம் மாட்டுவாங்க. தோட்டத்துல இடுப்புல கத்தியோட நின்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, அதே கத்தியோட தண்ணியடிக்கிற எடத்துக்கோ எல்லைத் தகராறு பேசற எடத்துக்கோ போய் நில்லுங்க, காலைல உங்ககிட்ட கத்தி இரவல் வாங்கினவரே ரெண்டு அடி தள்ளி நிப்பாரு. ஊர்க்காரங்க வேலை முடிஞ்சதும் கத்திய வச்சிட்டுத்தான் அங்கெல்லாம் போவாங்க, அது உங்களுக்கு யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க.

டேப் பசையோட மடிக்கிறது

அப்புறம் திறக்காது. துளி எண்ணெய் தொட்டு துடைச்சுட்டு மடிங்க.

விமானப் பயணம்

செக்-இன் லக்கேஜ்ல போடுங்க. சாவிக்கொத்துல இருக்கறதையும் சேத்துத்தான்.