கொம்ப்ரெஷன் ஸ்லீவ் வாங்க முதல் இஞ்சி டேப்பை எடுங்கள்

காலிமுகத்திடலில் பின்னேரம் ஓடுகிறவர்களின் கைகளில் மணிக்கட்டிலிருந்து புயம் வரை இறுகிய கறுப்பு உறையை இப்போது அடிக்கடி காணலாம். கையை அழுத்திப் பிடிக்கும் இந்த உறைதான் கொம்ப்ரெஷன் ஸ்லீவ். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் அலன் ஐவர்சன் 2001இல் இதைப் போட்டது வீங்கிய முழங்கைக்காக. ஸ்டைல் ஆனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் போட்டால் கூடுதல் பாரம் தூக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் வரும் தசை நோவு சிலருக்குச் சற்றுக் குறையும், தோல் உரசாது, வெயிலும் படாது. அவ்வளவுதான்.

1. எது எது என்று பிரித்தறியுங்கள். புறக்கோட்டையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் வெயில் ஸ்லீவ். அது மறைக்கும், அழுத்தாது. இழுத்து விட்டுப் பாருங்கள்: சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். லேபிளில் ஸ்பான்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன் இருக்க வேண்டும். அழுத்தத்தைப் பாதரச மில்லிமீற்றரில் (mmHg) போட்டிருந்தால் உடற்பயிற்சிக்கு 15–20 போதும். அதற்கு மேலே போவதானால் டொக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2. கையை அளவுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். சேர்ட் மீடியம் என்பதால் ஸ்லீவும் மீடியம் வாங்கினேன். சுதந்திர சதுக்கத்தில் இரண்டாவது சுற்று ஓடும்போதே மேல் விளிம்பு சுருண்டு, கழற்றாத வளையல் மாதிரி புயத்தைப் பிடித்துவிட்டது. சுருண்ட இடத்தில் துணி இரட்டிப்பாகும், அழுத்தமும் அங்கேயே குவியும்.

பயிற்சிக்கு முன்பே அளவுங்கள். பயிற்சி முடிந்த கை சற்றுப் பருத்திருக்கும். கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு, முன்கையின் தடித்த இடம், புயத்தின் நடு ஆகிய மூன்றையும் வீட்டில் ஒருவரைக் கொண்டு எடுப்பியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், பதியக் கூடாது. கடை அட்டவணை சென்ரிமீற்றரில் இருந்தால் ஓர் இஞ்சிக்கு 2.54. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால், தொடக்கத்தில் பெரியதையே எடுங்கள்.

3. போடும் விதம். மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். தேங்காய் எண்ணெய் பூசிய கையில் போட வேண்டாம்: வழுக்கும், எலாஸ்டிக்கும் கெடும். ஒடுங்கிய முனைதான் மணிக்கட்டுக்கு. சொக்ஸ் போல முழுவதையும் சுருக்கிப் பிடித்து, கையை நுழைத்து, சிறிது சிறிதாக மேலேற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் அழுத்தம் ஒரே சீராக இராது. முழங்கையில் மடிப்பு இருந்தால் நீவி விடுங்கள்.

4. நகத்தைச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் விறைத்தாலோ குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றுங்கள். தூங்கும்போதும் போட வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்குகிறவர்களுக்கு இந்த விளையாட்டு ஸ்லீவ் சரிவராது. அவர்களுடையது டொக்டர் சொல்லி அளவெடுத்துத் தரும் வேறு உறை. காரணம் தெரியாத வீக்கத்தையும் ஸ்லீவுக்குள் மறைக்காதீர்கள்.

5. கழுவுதல். கொழும்பு வியர்வைக்கு ஒவ்வொரு முறையும் கழுவத்தான் வேண்டும். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப், முறுக்காமல் பிழிந்து நிழலில் காய விடுங்கள். அயன் வேண்டாம், கம்ஃபோர்ட் மாதிரி மென்மையாக்கியும் வேண்டாம். மாரி காலத்தில் ஒரு நாளில் காயாமல் மணக்கும். அதனால் மாற்றுக்கு ஒரு சோடி இருப்பது நல்லது. இழுத்தால் திரும்பாமல் தொங்கத் தொடங்கியதை வெயில் ஸ்லீவாகப் பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். என்னுடைய பழைய மீடியம் இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.