உப்பு ஏறுன நிலத்துல சோலார் போடணுமா?
கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பு பக்கம் கைவிட்ட உப்பளம், புல்லு கூட முளைக்காத பூமின்னு சும்மா கிடக்கும்லா, அதுக்கு 2019ல வந்த பிஎம் குசும்ங்குற மத்திய அரசோட விவசாயி சோலார் திட்டத்துல, நிலத்துல கரண்ட் தயாரிச்சு விக்குற ஏ பிரிவு பொருந்தும். மொதல்ல இபி ஆபீஸ்ல இப்ப விண்ணப்பம் வாங்குறாங்களான்னு கேளுங்க, அப்புறம் சப்ஸ்டேஷன் 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கான்னு பாருங்க, தள்ளிப் போனா லைன் இழுக்குற செலவே நம்மள முழுங்கிரும். 500 கிலோவாட்லேந்து 2 மெகாவாட் வரை போடலாம், 1 மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் வேணும். நம்ம ஊர்ல எல்லாம் துண்டு நிலம்தானே, நாலு பேரு சேந்து போடுங்க, இல்ல சோலார் போடுற கம்பெனிக்கு (டெவலப்பர்) குத்தகைக்கு விடுங்க. கரண்ட 25 வருசம் மின்வாரியம் வாங்கும். யூனிட்டுக்கு 40 காசு வரை ஊக்கத்தொகை இருக்கு, 5 வருசத்துக்கு, ஆனா அது வாரியத்துக்குத்தான், நம்ம கைக்கு வராது. பட்டா, வில்லங்கம் சரி பண்ணி வைங்க. கடல்காத்துக்கு சாதா இரும்பு ஸ்டாண்டு ரெண்டே மழையில துருப்பிடிச்சு பல்லிளிக்கும், கால்வனைஸ் பண்ணதா, அதாவது துத்தநாகம் பூசுனதா கேட்டு வாங்குங்க.