ஆற்றோரத்தில் மதுக்கூடம் திறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தை அழகுபடுத்தியதிலிருந்து, அந்தப் பக்கம் உணவகத்தோடு மதுக்கூடமும் நடத்த வேண்டும் என்று இளைஞர்கள் என்னிடம் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வந்தவர்கள் விழுந்த குழியிலேயே இவர்களும் விழுகிறார்கள். படிவத்தில் நேரும் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். முகப்பில் இருப்பவரே அவற்றைத் திருத்திவிடுவார்.

ஆற்றை நம்பி வாடகை ஒப்பந்தம் போடுவது

இதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. லெபோ அம்பாங் பக்கம் அண்ணன் தம்பி இருவர் ஒரு பழைய கடைவீட்டை எடுத்தார்கள். அம்மாவின் சேமநிதிப் பணம். முன்பணம், தரை, குளிர்சாதனம், நீளமான மர மேடை என்று எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணே, இது அரசாங்கம் மேம்படுத்திய இடம். அமெரிக்காவில் ஆற்றோரத்துக்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறதாம். இங்கேயும் கிடைத்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னார்" என்றான் தம்பி.

அமெரிக்காவில் இருப்பது உண்மைதான். இந்தியானா மாநிலத்தில் ஓர் ஊருக்கு எத்தனை மதுபான உரிமம் என்பதை மக்கள்தொகை தீர்மானிக்கிறது. நகர மன்றம் ஆற்றோர மேம்பாட்டு வட்டாரம் ஒன்றை வரையறுத்துவிட்டால், அதற்குள் இருக்கும் உணவகங்கள் அந்த வரம்புக்கு வெளியே உரிமம் பெறலாம். அதை வேறு தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. போட்ட முதலீடு கரையிலேயே தங்குவது அதனால்தான்.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ்தான் உரிமம். அதில் ஆற்றோரம் என்று தனி வகை கிடையாது. ரிவர் ஆஃப் லைஃப் திட்டம் 110 கிலோமீட்டர் ஆற்றைத் தூய்மைப்படுத்தவும் 10.7 கிலோமீட்டர் கரையை அழகுபடுத்தவும் வந்தது. மது விற்கும் உரிமை அதோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. உரிம வாரியம் முதலில் கேட்பது, உங்கள் கடைக்குப் பக்கத்தில் வழிபாட்டுத் தலம் இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்றுதான். ஆறுகள் கூடும் முனையிலேயே 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது. அங்கே தொழ வருகிறவர்களின் உணர்வை மதித்துத்தான் யாரும் கடை போட வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வாடகை மாதந்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. ஏஜெண்ட் தன் கமிஷனை எப்போதோ வாங்கிவிட்டார். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: உரிமம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். ஒரு சுத்தியல் அடிகூட உரிமத்துக்கு முன் விழக் கூடாது.

கடையோடு உரிமத்தையும் விலைக்கு வாங்குவது

வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் உரிமம் கைமாறாது. சுவரில் மாட்டியிருக்கும் தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வயது கேட்காமல் ஊற்றுவது

2017 டிசம்பர் முதல் மது வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பாருங்கள்.

சரக்கைத் தரைத்தளத்தில் அடுக்குவது

வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் 2007இல் திறந்த பிறகும், 2020 செப்டம்பரில் இந்த வட்டாரத்தில் தண்ணீர் ஏறியது. சரக்கை மாடியில் வையுங்கள். தீக் காப்புறுதி எடுத்தால் வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.