புளோக்கின் கீழே பாடை கட்டும் முறை

1982இல் திறக்கப்பட்ட மண்டாய் தகனச்சாலை சிங்கப்பூர்த் தீவின் வடபகுதியில் இருக்கிறது. கிழக்கே தெம்பனிசிலிருந்தோ மேற்கே ஜூரோங்கிலிருந்தோ அங்கே தோளில் சுமந்து செல்ல வழியில்லை. ஆகவே சிங்கப்பூரில் பாடைக்கு எஞ்சியிருப்பது அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்ட பந்தலிலிருந்து வேன் நிற்கும் இடம் வரையிலான தூரம் மட்டுமே. அந்தச் சிறு தூரத்தையாவது மகன்களும் பங்காளிகளும் தோள் கொடுத்துக் கடக்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஊரில் கட்டும் பாடை வெறும் உடலை ஏற்றிச் செல்வது. இங்கே உடல் பெரும்பாலும் பதப்படுத்தப்பட்டு, பெட்டியில் வைக்கப்பட்டே வீட்டுக்கு வருகிறது; உலைக்குள் செல்வதும் பெட்டியோடுதான். எனவே பாடை பெட்டியின் பாரத்தையும் தாங்க வேண்டும். உடலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் கிடத்திவிட்டு, வேனருகே மீண்டும் பெட்டிக்குள் வைக்கலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. இறந்தவரை அப்படி இருமுறை அசைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். ஈமச்சடங்கு நடத்துநர் வழக்கமாக அதைப் பெற்றுத் தருவார். பாடை கட்டப்போவதை அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். பத்தடிக் கழி மின்தூக்கிக்குள் நுழையாது என்பதால் கீழேயேதான் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் ஒருவர் வேன் வரை நடந்து தூண்களின் இடைவெளி, வடிகால் விளிம்பு, நடைபாதைக் கூரையின் உயரம் ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும். தேர்போல் வளைவு உயர்த்திக் கட்டிய பூப்பாடை கூரையில் இடித்துக்கொள்ளக்கூடும். இங்கே தாழ்வான வளைவே போதும்.

மூங்கில் பச்சையாகவும் வெடிப்பின்றியும் இருக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் குறையாத பருமனில், பத்தடி நீளத்தில் இரண்டு நெடுங்கழிகளை எடுத்து, இரு முனைகளிலும் கணுவை ஒட்டி வெளிப்புறமாக அறுங்கள். கணு இருந்தால் முனை பிளக்காது. அவற்றைப் பெட்டியின் அகலத்துக்கு ஏற்ப ஏறத்தாழ இரண்டடி இடைவெளியில் கிடத்தி, அரையடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கழிகளை வைக்க வேண்டும். தலைப்பக்கத்திலும் கால்பக்கத்திலும் உள்ளவை மற்றவற்றைவிடத் தடித்தவையாக இருக்கட்டும்.

பாடையின் உயிர் கயிறு கட்டும் முறையில்தான் இருக்கிறது. ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். தேங்காய்நார்க் கயிற்றைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கழிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மூன்று சுற்றும், மற்ற இரு மூலைகளுக்கிடையே மூன்று சுற்றும் சுற்றுங்கள். பிறகு இரு கழிகளுக்கும் நடுவே கயிற்றை நுழைத்து, முன்பு போட்ட சுற்றுகளையே நெரிப்பதுபோல் இரண்டு முறை இறுக்கி முடிச்சிடுங்கள். கடைசி இரண்டு சுற்றுகளே கழியை நழுவாமல் பிடிக்கின்றன. அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். பச்சை மூங்கில் காயக் காயச் சுருங்கிக் கட்டு தளரும் என்பதால், முதல்நாள் இரவே கட்டிவைக்காமல் புறப்படும் நாள் காலையில் கட்டுவது நல்லது. முடிந்ததும் இருவர் அதன்மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும்.

மேலே முடைந்த தென்னங்கீற்றை இரட்டையாக விரித்து, அதன்மேல் கோரைப்பாயும் வெள்ளைத் துணியும் பரப்புங்கள். கீற்றுக்காகப் பூங்காவிலோ சாலையோரத்திலோ உள்ள மரங்களில் கை வைக்கக்கூடாது; கிடைக்காவிட்டால் பாய் மட்டும் போதும். பூச்சரங்களை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் சொல்லி வாங்கலாம். சரங்கள் நெடுங்கழியின் முனைகளில் தொங்கித் தோளை வழுக்கச் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவரும் வழக்கம் உள்ள குடும்பத்தில், காய்ந்த ஓலைக்கு அருகே தீ வராமல் பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

பாடையைத் தரையில் வைத்துத் தூக்கக்கூடாது. முழங்கால் உயரத்தில் உறுதியான இரு தாங்கிகளின்மேல் வைத்து, பெட்டியை ஏற்றி, அதன் தலைப்பக்கத்திலும் கால்பக்கத்திலும் கயிறு போட்டு நெடுங்கழிகளோடு பிணைத்துவிடுங்கள். எண்மர் சுமப்பது நலம். ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்களை எதிரெதிரே நிறுத்துங்கள். உரிமையுள்ள மகன் முதுகுவலிக்காரராக இருந்தால், முதல் சில அடிகள் தோள் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மாற்றிக்கொள்ளலாம், இதில் குறையொன்றுமில்லை. தூக்குவதற்கும் இறக்குவதற்கும் ஒருவர் குரல் மட்டுமே ஒலிக்கட்டும். புறப்படும்போது கால் முன்னே வருமாறு கொண்டுசெல்வதைப் பலர் பின்பற்றுகிறார்கள், ஆயினும் உங்கள் வீட்டு மூத்தவரின் சொல்லே முடிவானது.

மண்டாயில் பதிவுசெய்த நேரம் தவறினால் நமக்குப் பின்னால் காத்திருக்கும் குடும்பத்தையும் அது பாதிக்கும். எனவே வாய்க்கரிசி முதலிய சடங்குகளை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். பெட்டி வேனில் ஏறியதும் பாடையின் வேலை முடிந்துவிடுகிறது. அதை உலைக்குள் இட முடியாது; கீழ்த்தளத்தில் சாய்த்துவிட்டுப் போவதும் முறையல்ல. உறவினர் ஒருவர் பின்தங்கிக் கயிறுகளை அறுத்து, மூங்கிலைத் துண்டாக்கி, அகற்றும் பொறுப்பை ஈமச்சடங்கு நடத்துநரிடம் ஒப்படைத்த பிறகே மண்டாய்க்குப் புறப்பட வேண்டும்.