டேராடூன் ராணுவப் பள்ளியில் மகனைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு

1922-ல் ஆண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, பெயரில் கல்லூரி என்றாலும், எட்டாம் வகுப்பில் சேர்க்கும் விடுதிப் பள்ளிதான். ராணுவ அதிகாரிகளாகப் போகிறவர்கள் பயிலும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு (என்டிஏ) பிள்ளைகளைத் தயார் செய்வதே அதன் முக்கிய வேலை. 2022 முதல் பெண்பிள்ளைகளும் சேர்கிறார்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். பள்ளியில் சேரும் பருவத்தைப் பொறுத்து ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று பதினொன்றரை வயது நிரம்பியிருக்க வேண்டும், 13 தொட்டிருக்கக் கூடாது. இதில் சலுகையே கிடையாது. நுழைவுத் தேர்வை ஏழாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு தேர்வு என்பதால், வயது இடம் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதலாம்.

நம் ஊரில் பலர் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில்தான். படிவத்தை டேராடூன் பள்ளியிடமே பணம் கட்டித் தபாலில் வாங்க வேண்டும். நகலெடுத்த படிவம் செல்லாது. நிரப்பியதைத் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னை டிஎன்பிஎஸ்சி-க்கு அனுப்ப வேண்டும், டேராடூனுக்கு அல்ல. தபாலுக்கே நாள் போய்விடும். அறிவிப்பு வந்த வாரமே படிவம் கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 200, ஆங்கிலத்துக்கு 125, பொது அறிவுக்கு 75. தமிழில் எழுத முடியாது. தமிழ்வழிப் பிள்ளை என்றால் கணக்கை ஆங்கிலத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். இதில் தேறியவர்களுக்கு நேர்முகத் தேர்வு, பிறகு மருத்துவப் பரிசோதனை. மாநிலத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு இடம். அதைப் பிள்ளையிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.