படகு டிரெய்லரின் சர்ஜ் பிரேக்: இயக்கமும் பராமரிப்பும்

அமெரிக்காவில் படகு ஏற்றும் டிரெய்லர்களில் பரவலாகக் காணப்படும் ஹைட்ராலிக் சர்ஜ் பிரேக்குக்கும் ஓட்டுநரின் பிரேக் மிதிக்கும் நேரடி இணைப்பு எதுவும் இல்லை. இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் தன் எடையால் முன்னே தள்ள, இணைப்புத் தலை பின்னுக்கு நகர்ந்து, பிரேக் திரவத்தைத் தள்ளும் உருளையான மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் பிரேக் திரவத்தின் வழியே சக்கரங்களைச் சென்றடைகிறது.

பின்னோக்கிச் செலுத்தும்போதும் இதே தள்ளல் நேர்வதால், டிஸ்க் பிரேக் உள்ள டிரெய்லர்களில் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு திரவத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ரிவர்ஸில் டிரெய்லர் அடம்பிடித்தால், பிரேக்கைக் கழற்றுவதற்கு முன் அந்த வால்வுக்குச் செல்லும் ஒயரைச் சோதியுங்கள். பெரும்பாலும் துருப்பிடித்த இணைப்பே குற்றவாளி.

டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் திரவங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், தயாரிப்பாளர் குறித்த கால இடைவெளியில் அவற்றை மாற்ற வேண்டும். கனிம எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி, குமிழிகள் நிற்கும்வரை மாஸ்டர் சிலிண்டரை அழுத்துங்கள். அதற்குள் திரவத் தொட்டி வற்றிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

உப்புநீரில் இறங்கிய பிரேக்குகளை அன்றைக்கே நன்னீரால் கழுவிவிடுங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் அவசர பிரேக் கம்பி, இரண்டையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். இல்லையேல் கூர்மையான திருப்பத்திலேயே அது இழுபட்டு பிரேக்கைப் பூட்டிவிடும்.