கண் பிரஷர் செக் பண்ண போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

நாப்பது வயசு தாண்டிட்டாலோ, வீட்ல அப்பா அம்மா கூடப்பொறந்தவங்க யாருக்காவது கிளாக்கோமா (பெரும்பாலும் கண் பிரஷர் கூடி கண் நரம்பு கெடுற நோய்) இருந்தாலோ, வலி வந்தா பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பெரும்பாலும் வலியே இல்லாம ஓரப்பார்வைய தின்னுட்டு போற நோய் இது, போன பார்வை திரும்பி வராது. சென்னைல ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரி கண் ஓ.பி.க்கு காலைலயே போயிடுங்க.

காத்து அடிச்சு பாக்குற மிஷின் முதல்ல பாக்க ஓகே, அதுல பிரஷர் அதிகமா வந்துச்சுன்னா கண்ண மரக்க வச்சு நீல லைட்ல பாக்குற கோல்ட்மேன் டெஸ்ட் எடுக்கணும். அப்போ மூச்ச அடக்காதீங்க, கண்ண இறுக்காதீங்க, காலர் டைட்டா இருந்தா தளர்த்திடுங்க, இதெல்லாம் ரீடிங்க ஏத்திடும்.

நார்மல் 10லேர்ந்து 21னு சொல்வாங்க. ஆனா 18 வந்துச்சேன்னு கெளம்பி வந்துடாதீங்க ப்ளீஸ், நார்மல் பிரஷர்லயே நரம்பு கெட்டவங்க இருக்காங்க, கார்னியா (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்க படலம்) மெல்லிசா இருந்தாலும் ரீடிங் கம்மியா காட்டும், அதனால கண் நரம்பையும் ஓரப்பார்வைய அளக்குற ஃபீல்ட் டெஸ்ட்டையும் சேத்து பாக்க சொல்லுங்க. பிரஷர் நேரத்துக்கு நேரம் மாறும், நம்பரோட டைமையும் நோட்ல எழுதி வைங்க.

பிரஷர் குறைக்க டாக்டர் சொட்டு மருந்து குடுத்தா ஒரு துளி போதும், போட்டுட்டு கண்ண மூடி மூக்கோர மூலைய ரெண்டு நிமிஷம் அழுத்துங்க. ஆஸ்துமா இருந்தா டாக்டர்ட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பிரஷர் குறைக்கிற டிமோலால்ங்கற சொட்டு மருந்து அவங்களுக்கு ஆகாது. கண் செவந்துச்சுன்னு மெடிக்கல்ல ஸ்டீராய்டு சொட்டு நீங்களா வாங்கி போடவே கூடாது, பிரஷர ஏத்திடும். திடீர்னு கண்வலி, வாந்தி, லைட்ட சுத்தி வளையம் தெரிஞ்சா ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கு ஓடுங்க.